நித்தியகல்யாணி வளர்ப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீடு அருப்புக்கோட்டைப் பக்கம், கரிசல் மண்ணில் இருக்கிறது. சித்திரை பிறந்தால் கிணற்றில் படிக்கட்டு முழுவதும் தெரியும். இந்த மண்ணில் ரோஜா வைத்து இழந்தேன். செம்பருத்தி வைத்து மாவுப்பூச்சியோடு இரண்டு ஆண்டுகள் மல்லுக்கட்டினேன். கடைசியில் வாசலில் நிலைத்து நின்றது நித்தியகல்யாணிதான். பன்னிரண்டு ஆண்டுகளாக ஒரு நாள்கூடப் பூவில்லாத வாசலாக இருந்ததில்லை.

பார்ப்பவர்கள் விதை கேட்டு வாங்கிப் போகிறார்கள். கார்த்திகையில் திரும்பி வந்து, "நன்றாகத்தான் இருந்தது, ஒரே வாரத்தில் செத்துவிட்டது" என்கிறார்கள். அவர்களுக்கு வாய்வழியாகச் சொல்லிவந்ததை எழுதி வைத்தால் உதவும் என்று தோன்றியது. எல்லாப் பதிலுக்கும் அடியில் ஒரே விஷயம்தான் ஓடுகிறது. இந்தச் செடி காய்ந்து சாவது அரிது. பெரும்பாலும் நாம் ஊற்றிய தண்ணீரிலும், வடியாமல் நின்ற மழையிலும்தான் சாகிறது.

நித்தியகல்யாணியும் சுடுகாட்டு மல்லியும் ஒன்றா?

ஒன்றுதான். ஈழத்தில் பட்டிப்பூ என்பார்கள். நர்சரியில் 'வின்கா' என்று கேட்டால் உடனே எடுத்துக் கொடுப்பார்கள். அந்தப் பெயருக்கும் காரணம் உண்டு. ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயஸ் 1759இல் இதற்கு வின்கா ரோசியா என்று பெயரிட்டார். பின்னர் தாவரவியலாளர்கள் இதை வேறு பேரினத்துக்கு மாற்றி, காத்தராந்தஸ் ரோசியஸ் என்று அழைக்கத் தொடங்கினார்கள். காத்தராந்தஸ் என்றால் கிரேக்கத்தில் தூய மலர் என்று பொருள். அறிவியல் பெயர் மாறிய பிறகும் வணிகர்கள் பழைய பெயரை விடவில்லை.

இதன் பிறப்பிடம் மடகாஸ்கர். நம் ரயில் பாதை ஓரங்களிலும் கோயில் மதில் வெடிப்புகளிலும் கடற்கரை மணலிலும் தானாக முளைத்து நிற்பதைப் பார்த்தால் வந்த செடி என்றே தோன்றாது. அரளி, நந்தியாவட்டை ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. அதனால்தான் காம்பை ஒடித்தால் பால் வடிகிறது.

சுடுகாட்டுப் பூ என்கிறார்களே, வீட்டில் வைக்கலாமா?

தாராளமாக வைக்கலாம். மலையாளத்தில் பிணநாறி என்ற பொருளில் சவம்நாறி என்கிறார்கள். சிங்களத்தில் மினிமல், அதாவது பிணப் பூ. இத்தனை மொழிகளில் இடுகாட்டோடு பெயர் ஒட்டிக்கொண்டதற்குக் காரணம் எளிது. யாரும் தண்ணீர் ஊற்றாத இடத்தில், ஆடு மாடு மேய்ந்து தின்னாத, ஆண்டு முழுவதும் பூக்கிற செடி வேறு எது இருக்கிறது? புதைத்த இடத்தில் ஒருமுறை நட்டுவிட்டு வந்தால், அடுத்த ஆண்டு திதிக்குப் போகும்போதும் அது பூத்துக்கொண்டிருக்கும். யாரும் திரும்பிப் பார்க்காத இடத்திலும் பூத்து நிற்பதைக் குறையாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதே செடிக்கு இன்னொரு ஊரில் நித்தியகல்யாணி என்று பெயர் வைத்து, பூவைப் பறித்துச் சாமிக்கும் வைக்கிறார்கள். எந்தப் பெயரைச் சொல்லி வளர்ப்பது என்பது உங்கள் விருப்பம்.

வறட்சியைத் தாங்கும் செடி என்றால் தண்ணீரே ஊற்ற வேண்டாமா?

ஊற்ற வேண்டும், முக்கியமாக முதல் மாதத்தில். வறட்சி தாங்கும் குணம் நாற்றிலேயே வந்துவிடுவதில்லை. வேர் இறங்கிய பிறகுதான் அது கைகூடும். தொட்டியிலிருந்து எடுத்து நட்ட நாற்றின் வேர் நான்கு விரல் ஆழத்துக்குள்தான் இருக்கும். அந்த மண் வைகாசி வெயிலில் அரை நாளில் காய்ந்துவிடும். அதனால் நட்ட முதல் வாரம் தினமும் ஒரு சொம்பு ஊற்றுங்கள். அடுத்த மூன்று வாரங்கள் ஒரு நாள் விட்டு ஒரு நாள் போதும்.

அதன் பிறகு கையை இழுத்துக்கொள்ள வேண்டும். தரையில் வேர் பிடித்த செடிக்குக் கோடையில் வாரம் ஒருமுறை, வேரடி நன்றாக நனையும்படி ஊற்றினால் போதும். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்தால் வேர் மேலேயே சுற்றிக்கொண்டு நிற்கும். ஒருமுறை ஆழமாக ஊற்றி இடைவெளி விட்டால் ஈரத்தைத் தேடி வேர் கீழே இறங்கும். வறட்சி தாங்கும் செடியை நாம் உருவாக்குவது இந்த இடைவெளியில்தான்.

காலையில் ஊற்றுங்கள், வேரடியில் ஊற்றுங்கள். பூவாளியின் சல்லடை முகத்தைக் கழற்றிவிட்டு, இலை நனையாமல் ஊற்றுவது நல்லது. ஏன் என்பதை மழைக்காலக் கேள்வியில் சொல்கிறேன்.

மதியம் இலையெல்லாம் தொங்குகிறது. உடனே தண்ணீர் ஊற்றட்டுமா?

வேண்டாம். செடிகளைக் கொல்லும் தவறுகளில் முதலிடம் இதற்குத்தான்.

உச்சி வெயிலில் வேர் உறிஞ்சும் வேகத்தைவிட இலையிலிருந்து நீர் வெளியேறும் வேகம் அதிகம். செடி இலையைக் குழிவாக மடித்துத் தளர்த்தி, வெயில் படும் பரப்பைக் குறைத்துக்கொள்கிறது. மாலை ஆறு மணிக்குப் பாருங்கள், பழையபடி விரைத்து நிற்கும். செடிக்குத் தாகமா என்று பார்க்க வேண்டிய நேரம் விடியற்காலை. இரவு முழுவதும் வேர் உறிஞ்சிய பிறகும், சூரியன் வருவதற்கு முன்பே இலை தொங்கினால் மண்ணில் நீர் இல்லை என்று பொருள். அப்போது ஊற்றுங்கள்.

இதில் ஒரு எச்சரிக்கை உண்டு. விடியற்காலையில் இலை தொங்குகிறது, ஆனால் விரலை மண்ணில் விட்டால் ஈரம் ஒட்டுகிறது என்றால் நிலைமை நேர் எதிர். வேர் அழுகிவிட்டது, அதனால் உறிஞ்ச முடியவில்லை. அந்தச் செடிக்கு இன்னும் ஒரு சொம்பு ஊற்றினால் கதை முடிந்தது. இலையை மட்டும் பார்த்து முடிவு செய்யாமல் மண்ணையும் தொட்டுப் பாருங்கள்.

எந்த மண் சிறந்தது? எங்கள் வீட்டில் கரிசல்தான் இருக்கிறது.

மணல் கலந்த செம்மண்ணில் எந்த ஏற்பாடும் இல்லாமல் வரும். கரிசலில் பாடுபட வேண்டும். நான் பட்டதைச் சொல்கிறேன்.

கரிசல் நனைந்தால் உப்பி, காற்றுக்கு இடமில்லாமல் இறுகும். காய்ந்தால் பாளம் பாளமாக வெடித்து வேரை அறுக்கும். இரண்டுமே இந்தச் செடிக்கு ஆகாது. முதல் ஆண்டு குழி தோண்டி, குழிக்குள் மட்டும் மணலும் எருவும் போட்டு நட்டேன். பார்க்க அறிவுப்பூர்வமான வேலையாகத் தெரிந்தது. ஐப்பசி மழையில் சுற்றியிருந்த கரிசல் நீரை இறங்கவிடாமல் நிறுத்த, என் குழிகள் ஒவ்வொன்றும் சின்னக் கிணறாக நிறைந்தன. நட்ட பதினெட்டில் பதினைந்து போயின.

அடுத்த ஆண்டு பள்ளம் தோண்டுவதை விட்டுவிட்டு மேடு கட்டினேன். ஒரு டிராக்டர் நடை செம்மண் இறக்கி, முக்கால் அடி உயரத்துக்கு மேட்டுப்பாத்தி போட்டு, ஓரத்தில் உடைந்த ஓடுகளை நட்டு மண் சரியாமல் நிறுத்தினேன். நீர் பக்கவாட்டில் வடிந்து போனது. அன்று கட்டிய மேடுதான் இன்றும் இருக்கிறது. கரிசலில் வைப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: உரத்துக்கும் மருந்துக்கும் செலவு செய்யும் முன் அந்தப் பணத்தை மேட்டுக்குச் செலவிடுங்கள்.

செடிக்குச் செடி ஒரு அடி விடுங்கள். நெருக்கி நட்டால் முதல் மூன்று மாதம் அழகாக இருக்கும், மழைக்காலத்தில் காற்று நுழையாமல் ஒன்றின் நோய் எல்லாவற்றுக்கும் பரவும்.

தொட்டியில் வளர்க்கலாமா?

நன்றாக வரும். எட்டு அங்குல மண்தொட்டி ஒரு செடிக்குப் போதும். மண்தொட்டியின் பக்கச் சுவர் வழியாகவும் ஈரம் வெளியேறும் என்பதால் பிளாஸ்டிக்கைவிட அதையே விரும்புகிறேன். இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு ஆற்று மணல் அல்லது எம் சாண்ட், ஒரு பங்கு நன்றாக மக்கிய தொழு உரம் கலந்தால் சரியான கலவை. தென்னை நார்க்கழிவை மாடித் தோட்டத்துக்காரர்கள் எல்லாவற்றுக்கும் சேர்க்கிறார்கள். அதன் வேலையே ஈரத்தைப் பிடித்து வைப்பது, இந்தச் செடிக்கு அது தேவையில்லை. எடை குறைய வேண்டும் என்றால் கால் பங்குக்கு மேல் போக வேண்டாம்.

தொட்டிக்கு அடியில் தட்டு வைக்காதீர்கள். வீட்டுக்குள் தரை நனையுமே என்பார்கள். வீட்டுக்குள் வைக்கும் செடியே இல்லை இது.

எவ்வளவு வெயில் வேண்டும்?

ஆறு மணி நேரம் நேர் வெயில். அதற்குக் குறைந்தால் செடி சாகாது, தண்டு நெடுநெடுவென்று நீண்டு பூ குறையும். முழு நிழலில் வைத்துவிட்டுப் பூக்கவில்லை என்று உரம் போடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். தொட்டியை நகர்த்தினால் போதும்.

எந்த மாதத்தில் விதைப்பது?

விவசாயிகள் மானாவாரியாக ஆனி, ஆடியில் விதைப்பார்கள். வரப்போகும் மழையை நம்பிய விதைப்பு அது. வீட்டுத் தோட்டத்துக்கு நான் தை மாதத்தைத்தான் சொல்வேன். எங்கள் பக்கம் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவத்தில் கொட்டிவிடுகிறது. தையில் விதைத்தால் மழைத் தொல்லை ஓய்ந்திருக்கும், மண்ணில் அடி ஈரம் மிச்சமிருக்கும், சித்திரை வெயில் வருவதற்குள் வேர் ஒரு முழம் இறங்கியிருக்கும். அடுத்த மழைக்கு இன்னும் எட்டு ஒன்பது மாதம் இருப்பதால் செடி முற்றி, தண்டு கட்டையாகிப் பலம் பெற்றுவிடும். மழையில் முதலில் சாவது இளஞ்செடிதான்.

விதை போட்டால் முளைப்பதில்லையே?

பெரும்பாலும் விதை வெளிச்சத்தில் கிடந்திருக்கும். நித்தியகல்யாணி விதை முளைக்க இருட்டு வேண்டும். சின்ன விதை என்பதால் பலரும் மண்மேல் தூவி விட்டுவிடுகிறார்கள். அரை விரல்கடை அளவுக்குப் பொடி மண்ணால் மூடுங்கள். அதற்கு மேல் ஈரச் சாக்கையோ நாளிதழையோ விரித்து, தினமும் தூக்கிப் பாருங்கள். பத்து நாளிலிருந்து பதினைந்து நாளுக்குள் முளை தெரியும். தெரிந்த அன்றே சாக்கை எடுத்துவிட வேண்டும், ஒரு நாள் தாமதித்தாலும் முளை வெளிறி நீண்டு சாய்ந்துவிடும்.

விதைத்த தட்டில் ஈரம் இருக்க வேண்டும், சொதசொதப்பு கூடாது. நாற்று அடித்தண்டு கருகி மடிந்து விழுந்தால் அது நாற்றழுகல். விதைக்கும் முன் மண்ணில் ஒரு கைப்பிடி மண்புழு உரத்தோடு டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சையைக் கலந்து விட்டால் பெருமளவு தவிர்க்கலாம். நான்கைந்து ஜோடி இலை வந்ததும் பிடுங்கி நடலாம்.

விதையை எப்படிச் சேகரிப்பது?

இதற்குக் கண்ணும் பொறுமையும் வேண்டும். பூ உதிர்ந்த இடத்தில் இரண்டு மெல்லிய காய்கள் கொம்பு போல ஜோடியாக நிற்கும். பச்சையாக இருக்கும்போது பறித்தால் விதை வெளிறி இருக்கும், முளைக்காது. முற்றினால் தானாக வெடித்துச் சிதறிவிடும், நமக்குக் கிடைக்காது. பச்சை மாறி மஞ்சள் படரும் இரண்டு மூன்று நாட்கள்தான் அவகாசம். அந்தப் பருவத்தில் பறித்து, காகித உறையில் போட்டு நிழலில் வைத்தால் உறைக்குள்ளேயே வெடித்துக் கறுப்பு விதைகளைத் தரும். ஈரம் படாமல் வைத்து அடுத்த பருவத்திலேயே விதைத்துவிடுங்கள். ஓராண்டு தாண்டிய விதையை நம்பி நாற்றங்கால் போடாதீர்கள்.

நர்சரியில் வாங்கியது அடர் சிவப்பு. அதன் விதையில் இளஞ்சிவப்புச் செடி வருகிறதே?

நீங்கள் வாங்கியது வீரிய ஒட்டு ரகமாக இருக்கும். அதன் விதையில் வரும் பிள்ளைகள் தாயைப் போல இருக்க வேண்டியதில்லை. பக்கத்தில் வெள்ளையும் இளஞ்சிவப்பும் இருந்தால் வண்ணத்துப்பூச்சிகள் மகரந்தத்தைக் கலந்தும் விடும். அதே நிறம் வேண்டுமென்றால் குச்சி வைக்க வேண்டும். பூக்காத நுனித் தண்டாக, ஒரு சாண் நீளத்தில், கணுவுக்குக் கீழே வெட்டி, கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு ஈர மணலில் நடுங்கள். நிழலில் வைத்தால் மூன்று நான்கு வாரத்தில் வேர் விடும்.

என் தோட்டத்தில் நான் நிறத்தைக் கட்டுப்படுத்துவதில்லை. தானாக முளைத்த ஒன்றில் வெள்ளைப் பூவின் நடுவில் குங்குமம் வைத்தது போலச் சிவப்புக் கண் வந்திருக்கிறது. காசு கொடுத்து வாங்கிய எதுவும் அதற்கு ஈடில்லை.

என்ன உரம் போடுவது?

குறைவாகப் போடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை செடிக்கு இரண்டு கைப்பிடி தொழு உரம் போதும். தழைச்சத்து கூடினால் இலை பெருத்து, தண்டு நீர்கோத்து, பூ குறைந்து, நோய்க்கு வழி திறக்கும்.

இலை மஞ்சளாகிறது, நரம்பு மட்டும் பச்சையாக இருக்கிறது. என்ன குறை?

நுனி இலைகளில் இப்படி இருந்தால் இரும்புச்சத்துக் குறை. மண்ணில் இரும்பு இல்லாமல் போகவில்லை. கரிசல் மண்ணும் நம் ஆழ்குழாய்க் கிணற்று உப்புத் தண்ணீரும் காரத்தன்மை கொண்டவை. அந்தச் சூழலில் இருக்கும் இரும்பையும் வேரால் எடுக்க முடியாது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பு, 1 கிராம் சிட்ரிக் அமிலம் கலந்து வெயில் தாழ்ந்தபின் இலையில் தெளியுங்கள். பத்து நாள் இடைவெளியில் இரண்டு மூன்று முறை தெளித்தால் புது இலை பச்சையாக வரும். சுண்ணாம்பு அடித்த சுவரோரம் நட்ட செடிகளிலும் இந்த மஞ்சளைப் பார்க்கலாம்.

அடி இலைகள் மட்டும் மஞ்சளாகி உதிர்ந்தால் கவலை வேண்டாம். கோடையில் செடி தன் சுமையைத் தானே குறைத்துக்கொள்ளும் வழி அது.

மழைக்காலத்தில் ஒரே வாரத்தில் கருகிச் சாய்ந்துவிட்டது. ஏன்?

என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இதுதான். குற்றவாளியின் பெயர் பைட்டோப்தோரா. பூஞ்சை போலத் தெரியும், ஆனால் நீர்வாழ் இனம். அதன் வித்துகளுக்கு வால் உண்டு. மண்ணில் நிற்கும் நீரில் நீந்திப் போய் வேரைத் தொடும். மழைத்துளி மண்ணில் அடித்துத் தெறிக்கும்போது சேற்றோடு சேர்ந்து இலைக்கும் தண்டுக்கும் ஏறும். நுனித் தண்டு வெந்நீர் ஊற்றியது போல நிறம் மாறி, கருத்து, தலை கவிழும். பிறகு அடிவரை இறங்கும். நீர் இல்லையென்றால் அந்த வித்துக்கு நடமாட்டமே இல்லை. இலை நனையாமல் ஊற்றுங்கள், மேடு கட்டுங்கள், இடைவெளி விடுங்கள் என்று மேலே சொன்னதெல்லாம் அதன் காலைக் கட்டும் வேலைதான்.

ஐப்பசி பிறக்கும் முன் செய்ய வேண்டியவை உண்டு. மேட்டைச் சுற்றி வடிகால் வாய்க்காலைத் தூர்வாருங்கள். மண்ணைத் தொட்டுக்கொண்டிருக்கும் தாழ்கிளைகளை வெட்டிவிடுங்கள். மண் தெறிக்காமல் இருக்கச் சின்னச் சல்லிக் கற்களைப் பரப்பலாம். காய்ந்த இலை மூடாக்கு போட்டிருந்தால் தண்டிலிருந்து நான்கு விரல் தள்ளி வையுங்கள். தொட்டிகளைத் தாழ்வாரத்துக்குக் கீழே நகர்த்துங்கள்.

கருகல் தொடங்கிவிட்டால் கெட்ட பகுதிக்கு ஒரு சாண் கீழே, நல்ல தண்டில் வெட்டி எறியுங்கள். ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் கத்தரியைத் துடைக்க வேண்டும். மீதியுள்ள செடிகளின் வேரடியில் லிட்டருக்கு 2.5 கிராம் காப்பர் ஆக்சிகுளோரைடு கலந்து ஊற்றினால் பரவுவது குறையும். சாய்ந்துவிட்ட செடியை எந்த மருந்தாலும் நிமிர்த்த முடியாது. அதைப் பிடுங்கி எரித்துவிடுங்கள், உரக்குழியில் போட வேண்டாம்.

அமெரிக்கப் பூங்காக்களிலும் இதே நோய் பாத்தி பாத்தியாக அழித்திருக்கிறது. அதற்கு ஓரளவு எதிர்ப்புள்ள ரகங்களை விதை நிறுவனங்கள் உருவாக்கி விற்கின்றன. அந்த ரகங்களும் தேங்கிய நீரில் பிழைப்பதில்லை.

பூவெல்லாம் பச்சை இலை போல மாறிவிட்டது. இது புது ரகமா?

இல்லை, நோய். எள் வயலில் பூவுக்குப் பதில் பச்சைக் கொத்தாக வருவதைப் பார்த்திருப்பீர்கள். பைட்டோபிளாஸ்மா என்ற மிக நுண்ணிய உயிர் செய்யும் வேலை அது, இதுவும் அந்த வகைதான். சாறு உறிஞ்சும் தத்துப்பூச்சி ஒரு செடியிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகும். இலை சிறுத்து, கிளை துடைப்பம் போல அடர்ந்தால் அதே நோய் என்று கொள்ளலாம். மருந்து கிடையாது, அன்றே பிடுங்குங்கள். பைட்டோபிளாஸ்மாவை ஆராய்பவர்கள் ஆய்வுக்கூடங்களில் அதை உயிரோடு வைத்திருக்க நித்தியகல்யாணிச் செடியைத்தான் பயன்படுத்துகிறார்கள். அந்த அளவுக்கு இந்தச் செடி அதற்கு இடம் கொடுக்கும்.

விரல் தடிமனில் பச்சைப் புழு, தலைப்பக்கம் நீலக் கண்கள். ஒரே இரவில் கிளையை மொட்டையடித்துவிட்டது.

அரளியைத் தின்னும் பருந்து அந்துப்பூச்சியின் புழு. நித்தியகல்யாணியையும் தின்னும். அந்த நீலக் கண்கள் உண்மையான கண்கள் அல்ல, பறவையை மிரட்டும் வேடம். கடிக்காது. கையால் எடுத்துத் தொலைவில் உள்ள அரளிப் புதரில் விட்டுவிடுங்கள். பச்சையும் இளஞ்சிவப்பும் வெண்மையும் குழைந்த சிறகோடு வரும் அந்த அந்துப்பூச்சியைப் பார்த்தவர்கள் புழுவை நசுக்க மாட்டார்கள். செடி மூன்று வாரத்தில் மீண்டும் துளிர்க்கும்.

ஆர்.ஓ. இயந்திரத்தின் கழிவு நீரை ஊற்றலாமா?

ஓரளவு உப்பைத் தாங்கும் செடி, ஆனால் தொடர்ந்து ஊற்றினால் உப்பு மண்ணில் சேரும். தரையில் இருக்கும் செடிக்கு நல்ல தண்ணீரோடு மாற்றி மாற்றி ஊற்றலாம். தொட்டிக்கு வேண்டாம். சோப்பு நீர் இரண்டுக்கும் வேண்டாம்.

செடி கட்டையாகி, அடியில் இலையில்லாமல் நிற்கிறது. வெட்டலாமா? எத்தனை ஆண்டு இருக்கும்?

தை மாதத்தில், உயரத்தில் பாதியை வெட்டுங்கள். ஆனால் வெட்டுக்குக் கீழே ஒவ்வொரு கிளையிலும் இரண்டு மூன்று ஜோடி இலையாவது இருக்க வேண்டும். இலையே இல்லாத பழைய கட்டையில் வெட்டினால் பல நேரம் துளிர்ப்பதில்லை. இளஞ்செடியில் நுனியை இரண்டு முறை கிள்ளிவிட்டிருந்தால் இந்தத் தொல்லையே வராது, முக்கால் முழம் உயரத்தில் படர்ந்து மெத்தை போல நிற்கும். உதிர்ந்த பூவைப் பொறுக்கும் வேலை இல்லை, தானே உதிர்த்துக்கொள்ளும்.

பல்லாண்டுச் செடிதான், ஆனாலும் முதல் மூன்று ஆண்டுகள்தான் அழகு. பிறகு புதிய நாற்றுக்கு இடம் கொடுங்கள்.

சர்க்கரை நோய்க்குப் பூவைக் கொதிக்கவைத்துக் குடிக்கலாமா?

குடிக்காதீர்கள். கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். என்னிடம் விதை கேட்டு வருபவர்களில் சிலர் இதற்காகவே வருகிறார்கள், அவர்களுக்கு நான் கொடுப்பதில்லை. எங்கள் தெருவில் ஒரு அம்மா மாத்திரையும் சாப்பிட்டு, இந்தக் கஷாயத்தையும் குடித்து, சர்க்கரை இறங்கி அடுப்படியில் மயங்கி விழுந்தார். நல்லவேளை, மகள் பக்கத்தில் இருந்தாள்.

இந்தச் செடியில் ஆல்கலாய்டு எனப்படும் வீரியமான வேதிப்பொருள்கள் நூற்றுக்கு மேல் உண்டு. சில இரத்த அழுத்தத்தைக் குறைக்கும், சில இரத்த அணுக்களின் உற்பத்தியையே தடுக்கும், நரம்பைப் பாதிக்கும். எந்த இலையில் எது எவ்வளவு இருக்கிறது என்று வீட்டில் யாராலும் அளக்க முடியாது. வறட்சியிலும் உப்பு மண்ணிலும் வளரும்போது அந்த அளவு மாறுகிறது என்பதை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வுகளே காட்டியிருக்கின்றன. அடுத்த வீட்டுக்காரர் குடித்து ஒன்றும் ஆகவில்லை என்பது உங்கள் செடிக்குப் பொருந்தாது.

ஆனால் புற்றுநோய்க்கு இதிலிருந்துதானே மருந்து எடுக்கிறார்கள்?

ஆமாம், அது இந்தச் செடியின் பெருமை. கதை சர்க்கரை நோயிலிருந்தே தொடங்குகிறது. ஜமைக்காவில் இந்த இலையைச் சர்க்கரைக்குக் குடிக்கும் வழக்கம் இருந்தது. 1952இல் அங்கிருந்து கொஞ்சம் இலை கனடாவுக்கு, ராபர்ட் நோபிள் என்ற மருத்துவ ஆய்வாளரின் கைக்குப் போனது. எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அந்தச் சோதனையில் சர்க்கரை குறையவில்லை, இரத்தத்தின் வெள்ளை அணுக்கள் சரிந்தன. வெள்ளை அணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகும் நோய்க்கு இது பயன்படுமா என்று அவர்கள் யோசித்ததுதான் திருப்பம். அவரும் உடன் ஆய்வு செய்த சார்ல்ஸ் பியரும் 1958இல் வின்பிளாஸ்டின் என்ற மருந்தைப் பிரித்தெடுத்தார்கள். அடுத்து வந்த வின்கிரிஸ்டின், குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையில் இன்றும் முதன்மையான மருந்துகளில் ஒன்று. உலக சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துகள் பட்டியலில் இருக்கிறது.

ஒரு கிராம் மருந்துக்கு நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலை தேவைப்படும். அதைப் பிரித்து, சுத்திகரித்து, மில்லிகிராம் கணக்கில் அளந்து, இரத்தக் குழாய் வழியாக மட்டும் செலுத்துகிறார்கள். மருத்துவமனைக்குள்ளேயே அத்தனை எச்சரிக்கை தேவைப்படும் பொருளை அடுப்பில் கொதிக்கவைத்துக் குடிக்கக் கூடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

குழந்தைகளும் ஆடு மாடும் உள்ள வீட்டில் வைக்கலாமா?

ஆடு மாடு வாய் வைக்காது, கசப்பு. வேலியில்லாத வாசலுக்கு இது பெரிய வசதி. ஆனால் வெட்டிய கிளைகளைத் தீவனத்தோடு கலந்துவிடக் கூடாது. குழந்தைகள் தொட்டு விளையாடலாம், வாயில் வைக்கக் கூடாது. கவாத்து செய்தபின் கையைக் கழுவுங்கள்.

விற்பனைக்குப் பயிரிட்டால் லாபமா?

தென் மாவட்டங்களில் மானாவாரி நிலங்களில் வேருக்கும் இலைக்கும் பயிரிடுகிறார்கள். வேரிலிருந்து அஜ்மலிசின் என்ற பொருளை எடுக்கிறார்கள். ஓராண்டுப் பயிர். மானாவாரியில் ஹெக்டேருக்குச் சுமார் முக்கால் டன் காய்ந்த வேர் கிடைக்கும். வாங்குபவர் யார், என்ன விலை என்று எழுத்தில் உறுதி செய்துகொள்ளாமல் விதைக்காதீர்கள். உள்ளூர்ச் சந்தையில் விற்கக்கூடிய சரக்கு இல்லை இது.

போன மழையில் எல்லாம் போய்விட்டது. அதே இடத்தில் மறுபடி நடலாமா?

அதே மண்ணில் உடனே வேண்டாம், நோய்க்கிருமி மண்ணிலேயே தங்கியிருக்கும். அந்த இடத்தில் இரண்டு ஆண்டு சாமந்தியோ துலுக்க சாமந்தியோ வையுங்கள். நித்தியகல்யாணிக்கு வேறு இடத்தில் மேடு கட்டுங்கள். நாற்றுக்கு எங்கும் அலைய வேண்டாம். மார்கழிப் பனியில் பழைய பாத்தியைச் சுற்றி, சிமெண்டுத் தரை வெடிப்பிலும் படிக்கட்டு இடுக்கிலும் குனிந்து பாருங்கள். சாவதற்கு முன் அந்தச் செடிகள் தெறித்துவிட்டுப் போன விதைகள் பளபளப்பான ஜோடி இலைகளோடு முளைத்திருக்கும். நீர் தேங்காத இடமாகப் பார்த்துப் பிழைத்தவை அவை. நான்கு ஜோடி இலை வரும்வரை விட்டுவைத்து, தை பிறந்ததும் ஒரு மாலை நேரத்தில் கரண்டியால் வேரோடு நெம்பி எடுத்து புது மேட்டில் நடுங்கள். முதல் வாரம் தினமும் ஒரு சொம்பு.